கோழிக்கூட்டுக் கதவு

இறக்கக்கண்டியில் கடல் நன்றாக வற்றினால், இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுபட்ட கப்பலொன்றின் துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள் மணலுக்கு மேலே தெரியும். போன மாசியில், தலை நரைக்கத் தொடங்கிய ஒருத்தி அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"என்ன பிள்ளை, கப்பலை வாங்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

சிரித்தாள். பருத்தித்துறையிலிருந்து வந்தவள். அவளுடைய அம்மப்பா கப்பலில் கரி அள்ளிப் போட்டவராம். இந்தப் பக்கத்தில் குண்டு விழுந்த கப்பலோடு காணாமற் போனவராம்.

"இது அவற்ற கப்பலோ எண்டு தெரியவேணும் ஆச்சி. பேர் பொறிச்ச பித்தளைத் தகடு கிடைச்சாச் சொல்லலாம்."

என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

"தகடு இருக்கு. அதுக்குப் பின்னால என்ர கோழியளும் இருக்கு" என்றேன். என் மாமி அதைக் கப்பலிலிருந்து கழற்றி வந்து கூட்டுக்குக் கதவாகக் கட்டியிருந்தா.

இருவரும் வீட்டுக்குப் போய், கதவைக் கழற்றி, கூட்டுக்கு முன்னால் குந்தினோம். பழப்புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்துகள் மஞ்சளாகத் தெளிந்தன. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது இல்லை, ஆச்சி."

கழற்றிய கதவை நான் தூக்கிப் பிடித்தேன். அவள் கம்பியை முறுக்கி அதைத் திரும்பக் கட்டினாள்.

"இந்தக் கப்பலையும் ஆரும் தேடி வருவினம். அதுவரைக்கும் கோழியள் காவலுக்கு இருக்கட்டும்" என்றாள்.

அவள் போகுமுன் தகட்டிலிருந்த கப்பலின் பெயரைச் சொல்லித் தரச்சொல்லிப் பாடமாக்கினேன். இப்போது கடல் வற்றினால் கரையில் யாரும் நடக்கிறார்களா என்று பார்க்கிறேன். அவர்கள் கேட்குமுன் அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.