ரெண்டு கருப்புக்கு ஒரு செவலை

நாய்க்குப் பிரசவ வேதனை ஒரு நாள்தான். குட்டி என்ன நிறத்தில் வருமோ என்று காத்திருக்கிறவனுக்கு அறுபத்து மூணு நாளும் வேதனை. நாய் வளர்த்துப் பாடுபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையாட்டுவீர்கள்.

இடுப்பில் சாவி

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். சூளகிரிப் பக்கம் கிருஷ்ணப்பா பண்ணையில் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வீரன், காளி என்று ஒரு ஜோடி. ரெண்டும் அட்டைக் கருப்பு. கருப்புக் குட்டி எத்தனை பிறந்தாலும் தனக்கே வேண்டும் என்று பெங்களூர்க் காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு முன்னால் நாய்களைப் பார்த்தவர் சின்னசாமி அண்ணன். இதே ஜோடிக்குப் போன ஈத்தில் ஒரு செவலைக் குட்டி பிறந்தது. காளி பருவத்தில் இருந்தபோது கூண்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தெருநாயை உள்ளே விட்டுவிட்டார் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அப்போது அங்கே ஏர் ஓட்டிக்கொண்டிருந்த நானும், "ஆமாங்க, அவரு கொஞ்சம் மெத்தனம்தான்" என்று ஒத்து ஊதினவன். காளியை மறுபடி வீரனோடு சேர்த்த அன்று கிருஷ்ணப்பா கூண்டுச் சாவியை என் கையில் வைத்தார். "முனியப்பா, இனிமே எந்த நிறத்துல குட்டி வந்தாலும் நீதான் ஜவாப்பு."

கருப்புச் சட்டை

சினை நாய் எதைப் பார்க்கிறதோ அந்த நிறம் குட்டிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். கூண்டைச் சுற்றிக் கருப்புக் கம்பளி கட்டினோம். எதிரே நின்ற செவலைப் பசுவைப் பின்பக்கம் மாற்றினோம். சோறு வைக்கப் போகிறவன் மட்டும் வெள்ளையில் போகலாமா? எனக்கும் கருப்புச் சட்டை தைத்துக் கொடுத்தார்.

கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நாளைக்குப் பத்துத் தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். பத்தடி நடந்தால் சந்தேகம் வரும். திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். வண்டிக்கார வெங்கடப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னாப்பா, கட்சியில சேந்துட்டியா? அப்ப இந்த வருசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்த வரமாட்டே?"

நாலோடு நிற்கவில்லை

விடிந்ததும் காளி ஈன ஆரம்பித்தாள். ஒன்று கருப்பு. ரெண்டு, மூணு, நாலும் கருப்பு. போதும் தாயே, நிறுத்திக்கொள் என்று கும்பிடாத குறை. அரைமணி கழித்து ஐந்தாவது வந்தது. ஈரத்தில் கருப்பாகத்தான் தெரிந்தது. துணியால் துடைத்தேன், செவலை தெரிந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தேன், செவலை பளிச்சென்று ஆனது.

கிருஷ்ணப்பா வந்து நின்றார். வேலை போனால் பண்ணை கொடுத்த குடிசையும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? ஒரு நாளும் கதவைத் திறந்துபோடவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அவர் குட்டியைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. "சின்னசாமியும் இப்படித்தான் சத்தியம் பண்ணினான்."

ஊத்தங்கரை மாரக்கா

ரெண்டு நாள் தவணை கேட்டு ஊத்தங்கரைக்கு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். வீரனையும் காளியையும் வேறு வேறு வருஷத்தில் பண்ணைக் கணக்குப்பிள்ளை அந்த ஊரில் நாய் வளர்த்து விற்கிற மாரக்காவிடம்தான் வாங்கினார்.

மாரக்கா கதை முழுக்கக் கேட்டாள். என் கருப்புச் சட்டையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாசலில் படுத்திருந்த கிழட்டு நாயைக் காட்டினாள். நல்ல செவலை. "ரெண்டுக்கும் ஆத்தா இதுதான். அப்பன் கருப்பு, அதனால பிள்ளைங்க கருப்பு. அந்தப் பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணு சேத்தா, நாலஞ்சு குட்டியில ஒண்ணுல பாட்டி எட்டிப் பாக்கத்தான் செய்வா. உங்காளு கருப்பு வேணும்னு கேட்டாரு, குடுத்தேன். ஆத்தா என்னா நெறம்னு கேட்டாரா?"

குருபரப்பள்ளி டீக்கடை

தன் நாய்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சா என்று மாரக்காவுக்கு ரோஷம். மறுநாளே கிழட்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என்னோடு லாரி ஏறி வந்து கிருஷ்ணப்பா முன்னால் நின்றாள். அவர் கிழட்டு நாயைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். ரெண்டுக்கும் நெஞ்சில் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டு. தன் கையாலேயே கம்பளியை அவிழ்த்தார். சின்னசாமி அண்ணனைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன், கம்பளியைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

குட்டிகள் பால் மறந்ததும் நாலு கருப்பும் பெங்களூர் போயின. செவலை என் பங்குக்கு வந்தது. வேலை தப்பித்தும் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனேன். அங்கே ரோட்டோரம் சின்னசாமி அண்ணன் டீக்கடை போட்டிருந்தார். பாட்டி கதையை ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு நான் ஒத்து ஊதினதையும் சொன்னேன். அவர் குட்டிக்குக் கொட்டாங்கச்சியில் பால் ஆற்றி வைத்தார். எனக்கு டீ போடவில்லை. "உன் கூண்டுலயும் ஒரு செவலை வந்தாத்தான்டா நான் சொன்னது நெசம்னு உனக்குத் தெரியுது."

கூண்டைப் பூட்டலாம், கம்பளி கட்டி மறைக்கலாம், மனுஷனை ஊரைவிட்டே அனுப்பலாம், ஆனால் எட்டிப் பார்க்கிற பாட்டியை நிறுத்த இந்தத் தொழிலில் இன்னும் ஒரு வழி கிடைக்கவில்லை.