பழைய பேஸ்போல் அட்டைகளும் என் வயிற்றெரிச்சலும்

சேகரிப்பாளர்களுக்குப் பொருள் விற்கிற தொழிலில், வந்தவருக்கு அந்தப் பொருள் வேண்டும் என்பதைவிட, பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கிடைக்கக்கூடாது என்பதுதான் பெரிய விஷயம். கடையொன்றில் நின்று, முகத்தில் சிரிப்பும் வயிற்றில் நெருப்புமாக நாளைக் கழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என்னைப் பற்றிக் கொஞ்சம் மெதுவாகவே தீர்ப்புச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கம். ஜெர்மனியில், எர்லாங்கனில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஹெர் கெல்லரின் கடை. முத்திரை, நாணயம், பழைய தபாலட்டை எல்லாம் அங்கே இருக்கும். நான் முதலில் கூட்டித் துடைக்கத்தான் போனேன். கடித உறையிலிருந்து முத்திரையைக் கிழியாமல் எடுக்கிற கை எனக்கு இருக்கிறது என்று கண்டபிறகு, பின்னறையில் ஒரு மேசை போட்டுத் தந்தார். முன்னுக்கு ஆள் வந்தால் விற்பதும் நான்தான். அந்த நேரம் அங்கிருந்த அமெரிக்கப் படைமுகாமை மூடப்போகிறார்கள் என்று கதை. ஊருக்குத் திரும்புகிற சிப்பாய்கள் பாரத்தைக் குறைக்கத் தங்கள் பொருட்களைக் கொண்டுவந்து விற்றார்கள். அப்படித்தான் அந்த அட்டைகள் எங்களிடம் வந்தன.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் அமெரிக்காவில் சிகரெட் பக்கெட்டுக்குள்ளும் சுவிங்கத்தோடும் ஒரு பேஸ்போல் விளையாட்டுக்காரரின் படம் போட்ட சின்ன அட்டை வருமாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்பக்கம் ஆள், பின்பக்கம் விளம்பரம். அவ்வளவுதான். அதற்காக வளர்ந்த மனுசர் முகம் பார்த்துக் கதைக்காமல் விட்டதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வேண்டாத அட்டை

ஹெர் வென்செல் படைமுகாமில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய்களோடு சேர்ந்து பேஸ்போல் பழகியவர். அவருக்கு அட்டை புதுசுபோல இருக்கவேண்டும். நாலு மூலையும் கூராக, நடுவில் ஒரு மடிப்புக்கூட இல்லாமல். அவருடைய கூட்டாளியின் பெயர் ஹெர் போல், பழைய அச்சுத் தொழிலாளி. அவருக்கு விளையாட்டே தெரியாது. அச்சில் பிழையாக வந்த அட்டைகள்தான் அவருக்குப் பிடிக்கும். நிறம் கோட்டைத் தாண்டி நிற்கவேண்டும், அல்லது பின்பக்க விளம்பரம் தலைகீழாக இருக்கவேண்டும். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது. எனவே இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள், எனக்கும் வேலை சுகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சிவப்பு மையே ஏறாத ஒரு அட்டை பெட்டிக்குள் இருந்து வந்தது. ஆளின் உதடு வெள்ளை, கன்னம் வெள்ளை, காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் மாதிரி. அதை ஹெர் போலிடம் கொடுத்தேன். அவர் அதை ஜன்னலடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு அரைமணித்தியாலம் அசையாமல் நின்றார். ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷமாக நின்றதை அந்தக் கடையில் நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஹெர் வென்செலும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், அட்டையை அல்ல, கூட்டாளியின் முகத்தை. அடுத்தநாள் காலையில் தனியாக வந்து, ஏன் அந்த அட்டையைத் தனக்கு முதலில் காட்டவில்லை என்று கேட்டார். அது பழுதான அட்டை, உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு சொன்னார்: "ஓம், எனக்கு அது வேண்டாம்தான். ஆனால் அவனுக்கு ஏன் குடுத்தனீங்கள்?"

மனைவியின் முறைப்பாடு

படைமுகாமிலிருந்து வருகிற சார்ஜன்ட் டேல் வேறு மாதிரி. அவர் சேர்த்தது ஒரே ஒரு ஆளை. அந்த ஆள் பெரிய விளையாட்டுக்காரரும் இல்லை. பந்து பிடிக்கிற இடத்தில் முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு மூன்று வருடம் நின்றுவிட்டுக் காணாமல் போன ஒருவர். ஆனால் சார்ஜன்டின் ஊர்க்காரர். மொத்தம் நாலே நாலு அட்டையில்தான் அந்த ஆள் இருக்கிறார். மூன்று சார்ஜன்டிடம் இருந்தது. முகமூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிற நாலாவதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் எனக்கு இருந்தபடியால் என்னோடுதான் கதைப்பார். திங்கட்கிழமை பின்னேரம் வந்தால், பெட்டியில் ஏதும் வந்ததா என்று கேட்பார். இல்லை என்றாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார். ஜெர்மனிக்கு வந்து அத்தனை வருடத்தில், இல்லை என்ற பதிலுக்கு எனக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

ஒருநாள் மனைவி லோராவும் கூட வந்தா. அன்றைக்கு அவர்களுடைய கல்யாண நாள், வெளியில் சாப்பிடப் போகிற வழி. சார்ஜன்ட் புதிதாக வந்த ஒரு கட்டைப் பிரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தவர் நிமிரவில்லை. லோரா மேல்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தா. நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தந்தா. பிறகு அவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னா: "பதினாலு வருசத்தில என்னை ஒருநாளும் அவர் இப்பிடிக் குனிஞ்சு பார்க்கேல்லை."

கண்ணாடிப் பெட்டியின் திறப்பு

அட்டைக்கு ஆள் கூடியதும் ஹெர் கெல்லர் பெட்டினாவை வேலைக்கு எடுத்தார். கடை வேலைக்கென்றே ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவ. உயரம், நல்ல சிரிப்பு, இங்கிலிஷ் தண்ணி மாதிரி ஓடும். அவவுக்கு முன்னறை, எனக்குப் பின்னறை. விலை கூடின அட்டைகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டியின் திறப்பு, சாவிதான், அதுவரை என்னுடைய மேசையில்தான் கிடக்கும். அது ஒரு சிவப்பு நாடாவில் பெட்டினாவின் கழுத்துக்குப் போய்விட்டது. அட்டைகளை நான் பிரித்து, துடைத்து, உறைக்குள் போட்டு முன்னுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவ அதைத் தூக்கிக் காட்ட, வாங்குகிறவர் அவவுக்கு நன்றி சொல்லுவார்.

பெட்டினா கெட்டவ இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் தானாகவே என் வேலையையும் சேர்த்துச் செய்வா. ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஹெர் கெல்லரிடம், திறப்பு என்னிடம் இருந்தபோது ஏதும் பிழை நடந்ததா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஃப்ராவ் ரஞ்சினி, உங்கட கை பொன். அதை ஏன் நான் ஆக்களுக்கு முன்னால வைக்கவேணும்?"

எங்கட ஆள்

செந்தில் என்று ஒரு இந்தியத் தமிழ் இஞ்சினியர். அங்குள்ள பெரிய கம்பனியில் வேலை. அமெரிக்காவில் படித்தபோது இந்தப் பைத்தியம் பிடித்ததாம். சைக்கிளில் வருவார். அவருக்குப் பழுதான அட்டைதான் வேண்டும், அதுவும் ஹெர் போலின் பழுது மாதிரி அச்சில் வந்தது அல்ல. யாரோ பென்சிலால் பெயர் எழுதினது, சுவரில் ஊசி குத்தினது, அல்பத்தில் பசை போட்டு ஒட்டினது. யாராவது ஒருவர் ஆசையாக வைத்திருந்த அட்டை என்று தெரியவேண்டுமாம். பென்சில் எழுத்தை அழிக்காமல் துடைத்து, அவருக்கென்று தனியாக எடுத்து வைப்பது நான்தான். இங்கிலிஷில் பேசி வாங்குவது பெட்டினாவிடம்.

அவர் தமிழர் என்று எனக்குத் தெரியும். தானாகக் கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். ஆறு மாதம் போனது. ஒருநாள் என் மனுசனோடு தொலைபேசியில் தமிழில், வரும்போது லீக்ஸ் வாங்கிவரச் சொன்னதைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். என்னை இத்தாலிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். நானும் திறந்த மனதோடு, அவருடைய அட்டைகளைப் பொறுக்கி வைப்பது நான்தான், இனி நேராக என்னிடமே கேட்கலாம் என்றேன். அவர் தயங்கித் தலையைச் சொறிந்தார். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஆனா கார்ட்ஸ் விஷயம் மட்டும் பெட்டினாகிட்டயே கேட்டுக்கறேனே, அவங்கதானே எக்ஸ்பர்ட்."

லாச்சிக்குள் ஆறு நாள்

இனிச் சொல்லப்போவது எனக்கே வெட்கமான கதை. ஒரு வியாழக்கிழமை, யாரோ விற்றுவிட்டுப் போன சப்பாத்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடியில், ஒரு அட்டையின் பின்னால் ஒட்டிக்கொண்டு, சார்ஜன்ட் டேலின் ஊர்க்காரர் வந்தார். முகமூடி கையில். எழும்பி முன்னுக்குப் போகத்தான் வெளிக்கிட்டேன். அங்கே பெட்டினா யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றா. சார்ஜன்ட் சனிக்கிழமைகளிலும் எட்டிப் பார்ப்பார், இதைக் கொடுத்தால் அன்றைக்கே அவருடைய கைக்குப் போகும். சனிக்கிழமை நான் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு நியூர்ன்பெர்க் போய்விடுவேன். அந்த மனிதர் மூன்று வருடம் தேடியது கையில் கிடைக்கிற நேரம் அவருடைய முகத்தைப் பெட்டினாதான் பார்ப்பா. திங்கட்கிழமை அவவுக்கு லீவு. நாலு நாள்தானே என்று, அட்டையை ஒரு உறைக்குள் போட்டு, என் மேசை லாச்சியில் ஹங்கேரி முத்திரைகளுக்குக் கீழே வைத்தேன்.

திங்கட்கிழமை நல்ல சேலை ஒன்றுகூடக் கட்டிக்கொண்டு போனேன். ஏழு மணிவரை பார்த்தேன். சார்ஜன்ட் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டினா கோட்டைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னா. அவர்களுடைய பயணத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை விமானமாம். சனிக்கிழமை வந்து கடைசியாக ஒருமுறை கேட்டாராம், இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாவாம். என் முகம் மாறினதை அவ வேறுமாதிரி விளங்கிக்கொண்டா. என் தோளில் கையை வைத்து ஆறுதலாகச் சொன்னா: "கவலைப்படாதையும், உமக்கும் நன்றி சொல்லச் சொன்னவர். பெட்டியளைப் பார்க்கிறவதான் தனக்காக மெய்யாத் தேடினவ எண்டு சொன்னவர்."

ஒப்புக்கொண்ட நாள்

அன்றிரவு சாப்பிடவில்லை. என் மனுசன் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் திட்டவில்லை. விடிந்ததும் போய் முதலாளியிடம் சொல்லவேண்டியதுதான், வேலை போனால் போகட்டும், இரண்டு பேரும் வேறு ஏதும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். விசாவுக்கு வேலைக் கடிதம் காட்டவேண்டிய நாட்கள் அவை. வேலை போனால் போகட்டும் என்பது அப்போது லேசாகச் சொல்லக்கூடிய வசனம் இல்லை.

புதன்கிழமை காலை, பெட்டினா வருமுதல், உறையைக் கொண்டுபோய் ஹெர் கெல்லரின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறாராம், இந்த அட்டையை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறாராம். தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, சார்ஜன்டின் இலக்கத்தைத் தேடி எடுத்துத் தந்தார். பெட்டினாவிடம் தான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றார். பிறகு, கோபமாக இருக்கவேண்டிய இடத்தில் கோபம் இல்லாமல், வேறு எங்கேயோ கோபமாக, சொன்னார்: "ஒளிச்சதை மன்னிக்கலாம். எனக்குக் காட்டாமல் ஆறு நாள் நீங்கள் தனிய வைச்சுப் பார்த்ததைத்தான் மன்னிக்க ஏலாது."

லோரா வந்தது

தொலைபேசியை எடுத்தது லோரா. சார்ஜன்ட் முகாமில் பொருட்களை ஒப்படைத்துக்கொண்டு நிற்கிறாராம். அரைமணித்தியாலத்தில் டாக்ஸி பிடித்து வந்துவிட்டா. பெட்டி கட்டின தூசி கையெல்லாம். நல்லகாலம் பெட்டினா தபால்கந்தோருக்குப் போயிருந்தா. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அட்டையைக் கொடுத்தேன். எப்போது கிடைத்தது என்று கேட்டா. பொய் சொல்ல வாய் வரவில்லை. போன வியாழன் என்றேன். ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டா. என் கையால் கொடுக்க ஆசைப்பட்டேன், அவருடைய முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று, தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். ஒரு கலியாணமான பெண் இன்னொருவருடைய மனைவியிடம் சொல்லக்கூடிய வசனமா அது என்று சொன்னபிறகுதான் உறைத்தது.

லோரா கோபப்படவில்லை. அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தா. காசைக் கொடுத்து, உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினா. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிறாவா கட்டளையிடுகிறாவா என்று தெரியாத குரலில் சொன்னா: "இதைக் கண்டுபிடிச்சது நான். சந்தையில தேடி நான்தான் எடுத்தனான். நீ இதை ஒருநாளும் காணேல்லை, சரியா?"

அமெரிக்காவிலிருந்து கடிதம்

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கடைப் பெயருக்கு, உள்ளே பெட்டினாவை விளித்து. கூடவே ஒரு படம். சார்ஜன்டும் லோராவும் ஒரு மர வாங்கில் அருகருகே இருக்கிறார்கள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, லோராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். வடிவான முகம். அதை நான் படத்தில்தான் பார்த்தேன்.

பெட்டினா கடிதத்தை உரக்க வாசித்தா. நாங்கள் மூன்று வருடம் தேடியும் கிடைக்காததைத் தன் மனைவி நியூர்ன்பெர்க் பழைய பொருள் சந்தையில் ஒரே காலையில் கண்டுபிடித்துவிட்டாவாம். அப்படி ஒரு மனைவி கிடைக்கத் தான் என்ன செய்தாரோ தெரியவில்லையாம். ஹெர் கெல்லர் நாணயங்களை எண்ணுகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டினா கடிதத்தை மடித்துவிட்டு, கேலி ஒன்றும் இல்லாமல், உண்மையான கவலையோடு என்னைக் கேட்டா: "இவ்வளவு பெட்டி பிரிச்சனீர், உம்மட கண்ணில அது ஒருக்காலும் படேல்லையே?"

அந்தக் கடையில் ஒவ்வொருவரும் சேர்த்தது என்ன என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன், ஆனால் நான் சேர்த்தது என்ன என்று கேட்டால், மற்ற ஆக்களுக்குக் கிடைத்த நன்றிகளைத்தான் காட்டவேண்டியிருக்கும்.