ஏழாம் மனையின் அதிபதி

லோர்ன் கூசிக் கோடை முழுவதும் ஏரிக்கரையில் முகாமிடுபவர். அதை அவர் வாயால் சொல்லிக் கேட்டால், கரடியோடு மல்லுக்கட்டிவிட்டு நேராக வந்தவர் போலிருக்கும். அவருடைய வீடு அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். காற்றில் தூசி இல்லாத நாளில் ஏரிக்கரையில் நின்றால் ஊர்த் தானியக் கிடங்கின் உச்சி தெரியும்; அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் கூரை. சஸ்காட்செவன் சமவெளியில் எதையும் மறைக்க ஒரு மேடு கிடையாது. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு, தபாலை எடுத்துக்கொண்டு திரும்பி, "அப்பாடா, இயற்கைக்குத் திரும்பியாச்சு" என்று சொல்லிக் கேரவனுக்குள் நுழைந்து ஏசியைப் போடுவார்.

மண்சாலைகளைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஷார்ப்டெயில் ஏரி கேரவன் முகாமிலோ அவர் கமிட்டித் தலைவர். கேரவன் நிறுத்தும் மனை ஓர் இரவு காலியாகக் கிடந்தால் அடுத்தவருக்குப் போய்விடும் என்ற விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். எட்கர் லோஃப்க்ரென் இதய அறுவைக்காக சஸ்கடூன் நகரத்துக்குப் போனபோது, மகன் கேரவனைப் பழுது பார்க்க இழுத்துப் போனான். மறுநாளே, தண்ணீரை ஒட்டிய அந்த ஏழாம் மனையில் லோர்னின் கேரவன் நின்றது. எட்கர் பிழைத்து வந்தார். கழிவறைக்குப் பக்கத்து மனை கிடைத்தது. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே எட்கர்" என்று லோர்ன் ஆறுதல் வேறு சொன்னார்.

பிடித்த இடத்தில் அவர் வேரூன்றிவிட்டார். கேரவன் வாசலில் மரத்தளம் அடித்தார், அதற்கு மூன்று படி வைத்தார், பூந்தொட்டி வைத்தார், பீருக்கென்று தனியாக ஒரு ஃப்ரிட்ஜ் வைத்தார். கேரவனுக்குச் சக்கரம் இருப்பதே மறந்துபோயிற்று.

அவருடைய உண்மையான புகழ் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில். ஊர் உலகத்திலிருந்து கேரவன்கள் வந்து சேரும் நேரம். ஆளாளுக்கு மடக்கு நாற்காலியை சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கேரவனைப் பின்னால் தள்ளி மனைக்குள் நுழைப்பதைப் போல ஒரு மனிதனை அம்பலப்படுத்தும் காரியம் வேறில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தால் கேரவன் வலதுபக்கம் போகும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கையாட்டுவாள், மூன்றாவது தடவையில் கல்யாணமே ஆடிப்போகும். அந்த நேரம் பார்த்து லோர்ன் பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து போவார். "தம்பி, அவங்களப் பாக்காதே. என் கையப் பாரு" என்பார். கேரவன் உள்ளே போய்விடும். யாராவது ஒரு பீரை நீட்டுவார்கள். அதைக் குடித்தபடி, இந்தக் காலத்துப் பயல்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

மனைவி மார்லீனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை, மலையைப் பார்க்க வேண்டும். ராக்கி மலைகள் ஒரு நாள் பயணம். கல்யாணமான புதிதில் கேட்டாள், பிள்ளைகள் வளர்ந்ததும் கேட்டாள், ஓய்வு பெற்றதும் கேட்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார் லோர்ன். மனையை யார் காப்பது?

இந்த ஜூலையில் ஒருநாள் சாயங்காலம், பூண்டு சாசேஜைத் தட்டில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நாளைக்குக் காலைல மலைக்குக் கிளம்பறேன். நீ வர்றியா?"

லோர்ன் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். இருபத்தாறு வருடமாக அந்த 'ம்' நன்றாகத்தான் வேலை செய்திருந்தது.

காலையில் படகில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பினார். மரத்தளம் இருந்தது. மூன்று படிகளும் இருந்தன. ஏறினால் எதிரே வெறுங்காற்று. கேரவனை இழுக்கும் பிக்கப் வண்டியையும் காணோம். அறுவடைக்கு அறுவடை தன் அண்ணன் பண்ணையில் தானிய லாரி ஓட்டியவள் மார்லீன் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

பக்கத்து மனை டுவைட் காபிக் கோப்பையோடு வந்தான். "என்னப்பா லோர்ன், வீட்டக் காணோம்?"

"கேரவனோட கழிவுத் தொட்டியைக் காலி பண்ணப் போயிருக்கா."

"காலைல ஆறு மணிக்குப் போனவளா? அவ்வளவு என்னய்யா சாப்பிட்டீங்க?"

சாயங்காலம் மார்லீன் கூப்பிட்டாள். ரொம்ப தூரம் போயிருக்கவில்லை; காரில் முக்கால் மணி நேரத் தொலைவில், சுவிஃப்ட் கரண்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காத்திருக்கேன் லோர்ன். என் சிநேகிதி பெவ் இந்தப் பக்கம்தான் வர்றா, கார்ல உன்னை இறக்கி விடறேன்னு சொல்லிட்டா. வா. எனக்கும் பேச்சுத்துணை வேணும்."

லோர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது சரி, ரிவர்ஸ் எடுக்கத் திண்டாடிப் போயிருப்பியே?"

"இங்க ரிவர்ஸே வேண்டாம். இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய போயிடலாம். நெடுஞ்சாலை முகாமெல்லாம் இப்படித்தானாம். உனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அவர் எந்த நெடுஞ்சாலை முகாமுக்கும் போனதில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்தார்.

யோசித்தது மனையைப் பற்றித்தான். விதிப்படி இரவு அங்கே ஏதாவது படுக்குமிடம் இருந்தாக வேண்டும். டுவைட் பேரப்பிள்ளைகளின் டைனோசர் படம் போட்ட கூடாரத்தை இரவல் வாங்கி மரத்தளத்தின் மேல் அடித்தார். முகாம் முழுவதும் அதை ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனது. எட்கர்கூட வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, திருப்தியாகப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக லோர்ன் நிஜமாகவே முகாமிட்டார். கொசு பிடுங்கியது, காற்று கூடாரத்தை விடிய விடிய அறைந்தது, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காலையில் பெவ் காரை எடுத்து வந்து நிறுத்தினாள். "பதினொன்னே காலுக்காவது கிளம்பணும் லோர்ன். அதுக்கு மேல போனா அவளப் பிடிக்க முடியாது."

"இதோ, பல்லு வெளக்கிட்டு வர்றேன்."

உண்மையில் அவர் போகத்தான் நினைத்தார். பையில் இரண்டு சட்டையும் வைத்தார். பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிரும்போது, எட்டாம் மனைக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. நீளமான கேரவன், ஒல்லியான பையன் ஓட்டுகிறான், பின்னால் நின்ற மனைவியின் முகம் சிவந்து கிடக்கிறது. நாற்காலிகள் திரும்பின. எல்லாரும் லோர்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டே நிமிஷம் பெவ்" என்றார்.

கேரவன் முதல் தடவை மரத்தில் இடிக்கப் பார்த்தது, இரண்டாவது தடவை குழாயில். "என் கையப் பாரு தம்பி. இன்னும் ஒடி. ஒடி. இப்ப நேராக்கு." பாதி நுழைந்திருக்கும்போது கூடாரத்துக்குள் போன் அடித்தது. லோர்னுக்குக் கேட்டது. தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. கேரவன் அளவெடுத்து வைத்தாற்போல உள்ளே போய் நின்றது. கைதட்டினார்கள். பையன் குளிர்ந்த பீர் ஒன்றை நீட்டினான். திரும்பிப் பார்த்தால் பெவ்வின் கார் இல்லை.

போனில் மார்லீனின் குரல் பதிவாகியிருந்தது. "லோர்ன், பெவ் சொன்னா, நீ இன்னும் கிளம்பலன்னு. சரி, நான் மலைக்குக் கிளம்பறேன். உன் ரத்தக்கொதிப்பு மாத்திரை பீர் ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல இருக்கு. வேளைக்கு சாப்பிடு."

அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று லோர்ன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கோபம் இருந்தால் சமாதானம் செய்துவிடலாம். கோபம் இல்லை. பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவளும் அதோடு சேர்ந்து லேசாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.