நாலு வரிக் கடிதம்

எண்பதுகளில் திண்டுக்கல்லில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால் போதும், என் கணவரின் தங்கை தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்காக நிற்பாள். திரும்பும்போது இடுப்பில் ஒரு குடம் தண்ணீரும் வாய் நிறைய ஊர்ப்பேச்சும் இருக்கும். எவள் எவளை என்ன சொன்னாள் என்று குரலை மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவாள். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அப்போது நான் வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பதைவிட, அனுப்பினேன், திரும்பி வந்தது என்பதுதான் சரி. இரண்டு நாடகங்கள் போய் வந்தாயிற்று. சீ, இந்தச் சனியனே வேண்டாம் என்று நோட்டை மூடி வைத்தபோது அவள்தான் விடவில்லை.

"இன்னும் ஒரு தடவ பாப்போம் மதினி. நான் பேசுறேன், நீங்க எழுதுங்க."

அவள் எட்டாவதோடு நின்றவள். நான் பி.யு.சி. படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் உட்கார்ந்தோம். கதை என்னுடையது, பேச்சு முழுக்க அவளுடையது. வெங்காயம் உரித்தபடியே அவள் பேச, நான் விரல் வலிக்க எழுதினேன். என் பெயரில் அனுப்பினோம். அவள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

தபால் வந்தபோது அவள் குழாயடியில் இருந்தாள். உறைக்குள் நாடகமும், கூடவே நாலு வரிக் கடிதமும் இருந்தன. கதையில் பலமில்லை, ஆனால் பேச்சு அருமை, இப்படிப் பேச்சு எழுதுகிறவர் கட்டாயம் தொடர்ந்து எழுத வேண்டும், கதையை மாற்றி மறுபடி அனுப்புங்கள். இரண்டு தடவை படித்தேன். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? புத்தகமும் கையுமாகக் கிடந்தவள் நான், பாராட்டு மட்டும் அவளுக்கா? உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பிலேயே கடிதத்தைப் போட்டேன்.

உள்ளே வந்தவள் குடத்தை இறக்குவதற்குள் உறையைப் பார்த்துவிட்டாள்.

"திரும்பி வந்துருச்சா மதினி? என்ன சொல்லி அனுப்பிருக்காக?"

"ஒண்ணும் சொல்லல."

"போகுது விடுங்க. இன்னொண்ணு எழுதுவோம்."

"போதும்டி. இதெல்லாம் நமக்கு ஆகாது."

குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னாலதான் கெட்டுச்சோ? நீங்க எழுதுனா மரியாதையா இருக்கும். நான் குழாயடிப் பேச்சாப் பேசிட்டேன்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் இருந்ததில் ஒரு வரியையாவது சொல்லியிருக்கலாம். பாவி, "இருக்கும்" என்றேன்.

அதன்பிறகு அவள் தண்ணீர் மட்டும்தான் கொண்டுவந்தாள். "குழாயடியில என்ன சேதி?" என்று நானே வலியக் கேட்டாலும், "ஒண்ணுமில்ல மதினி" என்று உள்ளே போய்விடுவாள். நான் தனியாக எழுதிப் பார்த்தேன். ரெண்டு பக்கம் தாண்டவில்லை. கிழவி, போலீஸ்காரர், பால்காரர் எல்லோரும் என்னைப் போலவே பேசினார்கள். நன்றாக வேண்டும் எனக்கு. நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

அவளை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தோம். குழந்தை பிறந்ததும் பார்க்கப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். எப்படித் தொடங்குவது என்றுகூட மனதுக்குள் பேசிப் பார்த்தாயிற்று. காப்பி கொண்டுவந்த அவளுடைய மாமியார் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, நீங்க நாடகமெல்லாம் எழுதுவீங்களாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நல்லா எழுதுவாக அத்தை. நாந்தேன் என் பேச்சப் போட்டுக் கெடுத்துவிட்டேன். இல்லாட்டி எங்க மதினி பேரு ரேடியோவுல வந்துருக்கும்."

"சேச்சே, உன்னால ஒண்ணும் கெடலடி" என்று மட்டும் சொன்னேன். காப்பியை எடுத்துக்கொண்டேன்.

அவள் மாமியார் பக்கம் திரும்பி, பெருமையோடு சொன்னாள்: "பாத்தீங்களா, இன்னைக்கு வரைக்கும் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல."