நாவலும் தைலமும்

ஆவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஜாஸ்பின், ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கினால் நிரந்தர வேலைக்கு வழி பிறக்கும் என்று, நாவலையும் தைல மரத்தையும் ஒப்பிட்டு ஆய்வு செய்யத் தொடங்கினார்.

இரண்டும் தூரத்துச் சொந்தம். இலையைக் கசக்கினால் எண்ணெய் வாசம் எழும். மொட்டு தன் மூடியைத் தள்ளிவிட்டுத்தான் பூக்கும். ஆனால் ஒன்று சதைப்பற்றுள்ள பழமாகிறது. மற்றது கட்டைபோல் காய்ந்து பொடி விதையை உதிர்க்கிறது. பூவின் எந்தக் கட்டத்தில் இந்த வேறுபாடு தொடங்குகிறது என்பதே அவருடைய கேள்வி. அம்மா வீட்டுக் கிணற்றடி நாவலில் கிளைகளுக்கு அடையாள நூல் கட்டி, ஞாயிறு பூசை முடிந்ததும் போய்ப் பார்ப்பார். குவைத்திலிருந்து திரும்பியிருந்த அண்ணன் பங்கிராஸ் ஏணியைப் பிடித்துக்கொள்வார். கண்டதையெல்லாம் ஜாஸ்பின் அவரிடம் உற்சாகமாகச் சொல்வார்.

பிஞ்சு பிடித்திருந்த ஒரு ஞாயிறன்று போனபோது மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் ஈரமாக இருந்தது.

“தைலக் கன்னு வைக்கப்போறேன். நெழல் விழுந்தா வளராது. அதான் வித்துட்டேன்” என்றார் அண்ணன்.

“அது என் ஆராய்ச்சி மரம்ண்ணே. ஒனக்குத் தெரியும்ல?”

“ரெண்டும் ஒரே குடும்பம்னு நீதான சொன்ன? இனிமே இங்கிட்டுப் பூரா தைலந்தான். அதப் பாத்து எழுதிக்க.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் ஜாஸ்பினுக்குப் பொறுக்கவில்லை.

அம்மா அற்புதமேரி உள்ளேயிருந்து வந்தார். “ஒரு மரத்துக்காகக் கூடப்பொறந்தவங்கிட்ட மொகத்தத் திருப்புவியா? கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இந்த எடத்துல என்ன பேச்சு?”

மறு வருடம் நார்த்தாமலைப் பக்கம் வேறொரு நாவலில் முதலிலிருந்து தொடங்கினார். கோடைக்காற்றில் பூவெல்லாம் கொட்டிப்போனது. அதற்கடுத்த வருடம்தான் ஆய்வு முடிந்தது. இதற்கிடையில் நிரந்தரப் பணிக்கான அறிவிப்பு வந்து, ஆளும் எடுத்து முடித்துவிட்டார்கள். அவரிடமே படித்து, அதற்குள் முனைவர் பட்டமும் வாங்கியிருந்த பிளெஸ்ஸிக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது துறைப் பொறுப்பும் அவளிடம்தான். ஜாஸ்பினுக்கு விடுப்பு வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் எழுந்து நின்றுதான் கையெழுத்துப் போடுகிறாள். உட்கார்ந்தே போட்டிருக்கலாம் என்று ஜாஸ்பினுக்குத் தோன்றும்.

பட்டமளிப்பு விழாவுக்கு அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “எங்க தோட்டத்துல செஞ்ச ஆராய்ச்சிங்க” என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். போட்டோ எடுக்கும்போது ஜாஸ்பின் அண்ணன் பக்கத்தில் நிற்காமல் கணவருக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டார்.