காலைச் செய்தியும் வெள்ளிக்கிழமை நன்றியும்

அரசாங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கள் தீவிலேயே, கரம்பொன்னில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு அதிபராகப் போனேன். சம்பளத்துக்காகப் போகவில்லை. கல்வி அலுவலகம் அனுப்பும் சுற்றுநிருபங்களுக்குப் பதில் எழுதி எழுதிச் சீவன் போயிருந்தது. எங்கள் தீவில் பிறந்து, தெற்கில் கடை வைத்து, இப்போது கனடாவில் இருக்கும் ஒரு வியாபாரி நடத்தும் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு நன்றி மட்டும். "அக்கா, உங்களுக்கு முழுச் சுதந்திரம். நான் ஒண்டிலையும் தலையிடமாட்டன்" என்று முதல் நாளே போனில் சொன்னார். கேட்காமலே ஒருவர் சுதந்திரம் தந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அன்றைக்கும் வந்தது. பொல்லாத குணம், என்ன செய்ய?

காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வழக்கம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. பேப்பரில் வந்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நான் அதை மாற்றினேன். பிள்ளையே தன் ஊரில் விசாரித்து, தானே எழுதி வாசிக்க வேண்டும். படகு ஓடாதது, பால்மா விலை, இந்திய இழுவைப் படகுகள், எங்கள் பேச்சில் றோலர்கள், வந்து வலைகளை அறுப்பது, எதையும் வாசிக்கலாம். தன் வாசலில் நடப்பது தெரியாத பிள்ளை சோதனையில் எத்தனை 'ஏ' எடுத்தென்ன? அனலைதீவிலிருந்து படகில் வரும் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்திதான் கெட்டிக்காரி. தகப்பன் கடற்றொழில். பயமில்லாத குரல்.

அவள் றோலர் செய்தி வாசித்த கிழமையே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, பள்ளிக்கூடத்திலை உந்த றோலர் கதை என்னத்துக்கு? புதுக் கட்டடம் திறக்க இந்தியாவிலையிருந்து என்ரை வியாபாரக் கூட்டாளி வாறார். அவரின்ரை மனம் நோகக்கூடாது."

"தலையிடமாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"இது தலையிடுறதில்லை அக்கா. சும்மா சொல்லுறன்."

வலயக் கல்வி அலுவலகம் தாளில் உத்தரவு போடும். சண்டை பிடித்துப் பதில் எழுதலாம். சும்மா சொல்கிறவருக்கு என்ன பதில் எழுதுவது? போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இங்கே வாசித்தது அங்கே இருக்கிற மனுசனுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் சந்தேகப்படாமல் விடவில்லை. எந்நேரமும் போனும் கையுமாகத் திரியும் ஆங்கில ஆசிரியர் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். காதலாகவும் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேத்தண்ணி கொண்டுவரும் அம்மா மேசைக்குப் பக்கத்தில் ஏன் நிற்கிறார் என்று யோசித்தேன். பாவம், அவர் வெறுங்கோப்பைக்காக நின்றிருக்கிறார். வான் ஓட்டுகிறவரை நேரடியாகவே கேட்டேன்.

"நீரோ அவருக்குப் போன் எடுக்கிறனீர்?"

"எனக்கேன் ரீச்சர் உந்தச் சோலி? வான் ஓடவே நேரம் காணாது."

நம்பவில்லை.

ஒரு நாள் காலை, துறைமுகத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த அதே மனுசன் இறங்கி வந்து சொன்னார். "ரீச்சர், ராத்திரி அனலைதீவுப் பக்கம் றோலர் வந்து கன வலையளை அறுத்துப்போட்டுது. உங்கடை செய்தி வாசிக்கிற பிள்ளையின்ரை தகப்பன்ரை வலை முழுக்கப் போச்சாம்."

அன்றைக்கு அவளுடைய முறை. அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டு நின்றேன். வானிலை சீராக இருக்கும் என்று வாசித்தாள். ஒரு கோயில் கொடியேற்றம், ஒரு கிரிக்கெட் வெற்றி. இத்துடன் செய்திகள் முடிவடைகின்றன என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அறைக்குக் கூப்பிட்டேன். "அப்பான்ரை வலை போனது செய்தியில்லையோ?"

"செய்திதான் மிஸ்."

"பின்னை ஏன் வாசிக்கேல்லை?"

"வெள்ளிக்கிழமையிலை கனடா அங்கிளுக்கு நன்றி சொல்லி வொய்ஸ் அனுப்புறனாங்கள்தானே மிஸ். கிழமையிலை நடந்ததெல்லாத்தையும் சொல்லச் சொல்லுறவர். நானும் சந்தோசமாச் சொன்னனான், றோலர் செய்தி வாசிச்சனான் எண்டு. போன முறை நீங்கள் எழும்பி வெளியிலை போன நேரம் திருப்பிக் கேட்டவர், உதை ஆர் வாசிக்கச் சொன்னது எண்டு. நான் உங்களைச் சொல்லேல்லை. நான் இதையும் வாசிச்சால் மற்றப் பிள்ளையள் உங்களைச் சொல்லிப்போடுவினம். உங்களை நிப்பாட்டிப்போட்டால்?"

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்த நன்றியைப் பதிவு செய்தது என் அறையில்தான். பக்கத்துக் கதிரையில் இருந்து, "வடிவாச் சொல்லு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். றோலர் என்று அவள் சொன்னது காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் உலை வைக்க வழியில்லாத அன்றைக்கு அந்தப் பிள்ளை என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் செய்தியை நானே வாசித்தேன். அனலைதீவுக் கடலில் றோலர்கள் வலைகளை அறுத்தன, வலை இழந்தவர்களில் எங்கள் பிள்ளை ஒருத்தியின் தகப்பனும் ஒருவர், இதை வாசிக்கத் தீர்மானித்தது அதிபர் என்று சத்தமாகச் சொன்னேன். போனால் போகட்டும் இந்த வேலை.

அவளுக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து வரிசையில் அவளைத் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் நின்ற தன் சிநேகிதிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெள்ளிக்கிழமை இதை யார் சொல்லப்போகிறார்கள் என்று.