காதுக்காரரும் எதிர்க்கடை மீட்டரும்

அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. காதுக்காரர் என்றால்தான் தெரியும். வண்டி மக்கர் பண்ணினால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து வியாதியைச் சொல்லிவிடுவார். மூன்றாவது வால்வு என்று அவர் சொன்னால் மூன்றாவது வால்வுதான். இதில் அவருக்கு மண்டைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த மண்டைக்கனம்தானே.

எதிர்க்கடை மெக்கானிக்குக்கு மீட்டர் என்று பட்டப்பெயர் வைத்ததும் இவர்தான். அந்த ஆள் ஏதாவது ஒரு மீட்டரை மாட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். "காது இல்லாதவனுக்குத்தான் மீட்டர் வேணும்" என்று காதுக்காரர் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். எதிர்க்கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட காது இரண்டு வருடமாக அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. சுத்தியலும் கிரைண்டரும் போட்ட சத்தத்தைக் காலமெல்லாம் தாங்கிய காது, கீச்சென்ற, சன்னமான ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டது. முதலில் போனது குக்கர் விசில். "பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, அடுப்ப அணைச்சா என்ன?" என்று மனைவி கேட்டபோது, "யோசனையில இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டில் எப்போதும் யோசனையில்தான் இருந்தார்.

பட்டறையில் வேறொரு தந்திரம். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டே வண்டிக்காரரிடம், "சத்தம் எந்தப் பக்கம் வருது? நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்பார். பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து அவர்களும் குஷியாகச் சொல்லிவிடுவார்கள். மீதியை அனுபவம் பார்த்துக்கொண்டது. குட்டு ஒருநாளும் வெளிப்படவில்லை. வெளிப்படவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவருடைய தங்கை தன் வேனைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். கிட்னி கெட்டுப்போனவர்களை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவள் தொழில். புருஷன் போன பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள். முதலில் ஏறும் தையல்காரர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். மற்றவர்கள் அவரவர் வாசலில் காத்திருந்தார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இன்னொரு முறையும் தவறினால் என்ன ஆகும் என்று அந்த வேனில் யாரும் பேசுவதில்லை.

அவள் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அண்ணா, நேத்து மலை இறங்கும்போது ஆயில் லைட் மினுங்குச்சு. இன்னைக்கு வண்டி நின்னாலே செவப்பா எரியுது. ஓட்டலாமா கூடாதா? ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்."

காதுக்காரர் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் நிறையவே இருந்தது, புதுசாகவும் இருந்தது. ஃபில்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரின் வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. அப்படியானால் வயரில் கோளாறு இல்லை. வயர் சொருகுகிற வாய்க்குள் எண்ணெய் கசிந்து பளபளத்தது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது.

"சென்சார்தான். அது பொய் சொல்லுது. மாத்திட்டா முடிஞ்சுது."

"இன்ஜினக் கேட்டுப் பாத்தியா?"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வேறென்ன செய்வார்? இன்ஜினை ஓடவிட்டு, முனையை ஊன்றி, கண்ணை மூடினார். கைப்பிடி வழியே தடதடப்பு தாடை எலும்புக்கு வந்தது. அவ்வளவுதான். எண்ணெய் போய்ச் சேராத இன்ஜினில் மேலே வால்வுப் பக்கம் டிக் டிக் என்று சன்னமாகத் தட்டும். அந்தத் தட்டல் இல்லை.

"வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார்.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் மட்டும் நிம்மதியாக, "காதுக்காரரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்றார்.

இன்ஜினை அணைத்து, பழைய சென்சாரைக் கழற்றினார். புதுசை டப்பாவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். அதைத் துளையில் வைத்துத் திருகுவதற்கு முன்னால், கழற்றிய சின்ன வாஷரைப் பக்கத்தில் இருந்த தகரத் தட்டில் போட்டார். தையல்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

காதுக்காரர் தட்டைப் பார்த்தார். வாஷர் இன்னும் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

இன்ஜினுக்குள் டிக் டிக் என்று ஒன்று இல்லையா, அல்லது தனக்குத்தான் கேட்கவில்லையா? கிழிந்த சென்சார் பொய் சொல்லலாம். கிழிந்த சென்சார் உள்ள இன்ஜினில் எண்ணெயைத் தள்ளும் பம்ப்பும் கெட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றாக வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? புதுசை மாட்டினால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அந்தச் சென்சார் தூங்குமூஞ்சி வாட்ச்மேன் மாதிரி. ஏதோ கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே திருப்தியாகி விளக்கை அணைத்துவிடும். ஆள் நிறைந்த வேன் மலை ஏற அந்தக் கொஞ்சம் போதாது. எண்ணெய் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசி இன்ஜின் இறுகினால், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக் மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. ஸ்டியரிங்கில் தங்கை இருப்பாள். பின்னால் ஓட முடியாத நோயாளிகள் இருப்பார்கள்.

சென்சாரைத் திருகிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்தில் ஒன்பது தடவை அவர் சொன்னதே சரியாகவும் இருக்கும். கை சென்சாரைத் துளைவரைக்கும் கொண்டுபோய்விட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"என்னண்ணா?"

"ஏம்மா..." சென்சாரைத் தட்டில் வைத்தார். "எனக்குக் காது கேக்கல."

தையல்காரர் சிரித்துவிட்டார், ஏதோ கிண்டல் என்று. அப்புறம் காதுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்.

"பேசினா கேக்குது. விசில் மாதிரி, டிக் டிக்னு வர்ற மாதிரி சத்தம் கேக்கல. ரெண்டு வருஷமாச்சு. வெண்ணெய் மாதிரி ஓடுதுன்னு சும்மா சொன்னேன். எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியல."

அழுவாள் என்று எதிர்பார்த்தார், அல்லது கத்துவாள் என்று. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"சரி. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

"இந்த ஓட்டையில பிரஷர் மீட்டர் மாட்டிப் பாக்கணும்."

"உன்கிட்ட இருக்கா?"

இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "நான் போய்க் கேக்கவா?" என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்குக் கோபமாகக்கூட இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

எதிர்க்கடையில் அந்த மீட்டர் மேஜைமேல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சரியான அளவு இணைப்பும் இருந்தது. "தம்பி, அது... கொஞ்சம் வேணும்" என்று மென்று விழுங்கியதும், எதிர்க்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து நீட்டினார். குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது காதுக்காரருக்கு.

மீட்டரை மாட்டி இன்ஜினை எழுப்பினார்கள். முள் சட்டென்று ஏறி நாலில் நின்றது. தையல்காரர், "அப்பாடா" என்றார்.

"ஐயா, அவசரப்படாதீங்க. குளிர்ந்த எண்ணெய் கெட்டியா இருக்கும், எந்தப் பம்ப்பும் தள்ளிடும். சூடேறட்டும்" என்றார் காதுக்காரர்.

சூடேறியது. முள் இறங்கத் தொடங்கியது. நாலிலிருந்து மூன்று. மூன்றைத் தாண்டியும் இறங்கியது. தங்கை சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு. இரண்டுக்கும் கொஞ்சம் கீழே. ஒன்றுக்கு வந்தால் இன்றைக்கு வண்டி கிடையாது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும், அத்தனை வாசலுக்கும் போய் இன்றைக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டும். காதுக்காரர் தன்னையறியாமல் குனிந்து மீட்டருக்குக் காதைக் கொடுத்தார். பிறகுதான் நினைவு வந்து கண்ணைக் கொண்டுபோனார்.

ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்றது. இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது என்று அர்த்தம். முள் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நின்றது, அசையவில்லை.

"இப்ப மிதி."

அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். முள் எழுந்து நாலைத் தொட்டது. காலை எடுத்தாள், பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அப்படியே.

"பம்ப் நல்லாருக்கு. சென்சார்தான் கெட்டிருக்கு" என்றார் காதுக்காரர். முதலில் சொன்ன அதே வார்த்தைதான். இப்போது அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

மீட்டரைக் கழற்றி, புதுச் சென்சாரைக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு பிடி இறுக்கினார். சொருகும் வாயில் இருந்த எண்ணெயைத் துடைத்து வயரை மாட்டினார். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்தது. இன்ஜின் எழுந்ததும் அணைந்தது. தையல்காரர் ஜன்னல் வழியே கையை நீட்டி அவர் தோளைத் தட்டினார்.

தங்கை வண்டியை எடுப்பதற்கு முன் ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்ன?"

அவள் இறங்கியே வந்துவிட்டாள். முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். "ஆஸ்பத்திரியில காது டாக்டர் எப்ப இருப்பாருன்னு கேட்டுட்டு வர்றேன். அடுத்த தடவை நீயும் ஏறுற."

வேன் போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. இப்போது மறந்து பேசியதைத் தவிர, ரொம்ப நாளாகவே அவள் ஜன்னலிலிருந்து பேசுவதில்லை. எவ்வளவு அவசரமென்றாலும் இறங்கி, சுற்றி வந்து, முகத்துக்கு நேராக நின்றுதான் பேசுகிறாள்.

மீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு மறுபடியும் ரோட்டைக் கடந்தார். எதிர்க்கடைக்காரர் வாங்கிக்கொண்டே என்னவோ சொன்னார். பின்னால் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பழைய பழக்கத்தில் காதுக்காரர் தலையை ஆட்டி, சிரித்து வைத்து, திரும்பி நடக்கவும் தொடங்கிவிட்டார். டீக்கடை வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"தம்பி, எனக்குக் காது சரியாக் கேக்காது. சத்தமாச் சொல்லு."

டம்ளரோடு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கடைக்காரர் தயங்கி, பக்கத்தில் வந்து சொன்னார்.

"உங்க தங்கச்சி காலையில முதல்ல இங்கதான் வந்தாங்கண்ணே. மீட்டர எடுத்து வைக்கச் சொன்னாங்க. 'எங்கண்ணன் தானா வந்து கேட்டா குடுங்க. கேக்காம வண்டியை எடுத்துட்டுப் போன்னு சொன்னா, நானே உங்ககிட்ட கொண்டு வந்துடுறேன்'னாங்க."

காதுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தச் சென்சாரை மட்டும் பேசாமல் திருகியிருந்தால், அவள் நன்றி சொல்லிவிட்டு, வேனை நேராக ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாள். அதன்பிறகு அந்த வேன் அவர் வாசலுக்கு வந்தே இருக்காது.

எதிர்க்கடைக்காரர் மீட்டரை உள்ளே வைக்கத் திரும்பினார்.

"மேஜையிலயே இருக்கட்டும் தம்பி" என்றார் காதுக்காரர். "நாளைக்கும் வருவேன்."